இந்தக் காசுக்கு எத்தனை மார்க்? நாணயத் தரமதிப்பீடும் நடுநிலையும்

சில வருடங்களுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று வாங்கினேன். அந்தக் காசில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கை சரியாகத் தெரியாததால் அது பன்றி மாதிரி இருக்கிறது என்று அந்தக் காலத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 1912-இல் யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். அதனால் 1911 ரூபாய்க்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு உண்டு. டீலர் அதை என் கையில் வைத்து, "எக்ஸ்.எஃப். சார், தேய்மானமே கிடையாது. யானையின் காதைப் பாருங்க" என்றார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு அவசரத்துக்கு அதே காசை அதே டீலரிடம் கொண்டுபோனேன். லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வி.எஃப்.தான் சார் வரும். யானையின் முதுகைப் பாருங்க, மழுங்கிப்போச்சே" என்றார். அந்த இரண்டு வருடமும் காசு என் பீரோவில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு: எக்ஸ்.எஃப். என்றால் லேசாகப் புழங்கிய, நுணுக்கமான கோடுகள் எல்லாம் நன்றாகத் தெரிகிற காசு. வி.எஃப். அதற்கு ஒரு படி கீழே. மேடான இடங்கள் தேய்ந்து தட்டையாகியிருக்கும். இந்த ஒரு படியில் விலை பெரிதும் இறங்கிவிடும். அந்த டீலரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். விற்கும்போது அவர் கண்ணில் பட்டது யானையின் காது, வாங்கும்போது பட்டது முதுகு. இரண்டுமே அந்தக் காசில் இருந்தன. எதை முதலில் பார்ப்பது என்பதை லாபம் முடிவு செய்தது. என் பக்கமும் அப்படியேதான். வாங்கும்போது குறை தேடினேன், விற்கப் போனபோது நிறையை மட்டும் சொன்னேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் மூன்றாம் தரப்புத் தரமதிப்பீடு. விற்பவரும் அல்லாத, வாங்குபவரும் அல்லாத ஒரு நிறுவனம் காசைப் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, 70-க்கு இத்தனை என்று ஓர் எண்ணும் கொடுத்து, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்பும். அந்தப் பெட்டியை ஸ்லாப் என்கிறோம். இங்கே நடுநிலை என்றால் என்ன? எண் கூடினாலும் குறைந்தாலும், போடுபவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, ஒரு நஷ்டமும் இல்லை என்கிற நிலை. சொல்வதற்குச் சுலபம். அதை ஏற்பாடு செய்வதற்குள் எத்தனை முட்டுக்கட்டைகள் என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்தத் தொழில் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில் என்பதால் பெரும்பாலும் அந்த ஊர்க் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

விளக்கின் கீழே ஒரு டாலர்

முதலில் மதிப்பிடுபவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வோம். மோர்கன் டாலர் என்று ஒரு வெள்ளிக் காசு இருக்கிறது. 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-இலும் அடித்தது. குறுக்களவு 38 மில்லிமீட்டர், எடை 27 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். ஒரு பக்கம் சுதந்திர தேவியின் முகம், மறுபக்கம் சிறகு விரித்த கழுகு.

மதிப்பிடும் அறையில் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றை மட்டும் போட்டிருப்பார்கள். காசின் விளிம்பை மட்டும் பிடித்து விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துச் சுழற்றுவார்கள். புழங்காத காசாக இருந்தால் ஒளி அதன் மேல் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி சுற்றி வரும். அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பாய்ந்ததால் உண்டான மிக நுண்ணிய வரிகள்தான் அந்த ஒளியைச் சுற்ற வைக்கின்றன. கை பட்டுப் பட்டுத் தேய்ந்தால் முதலில் போவது அதுதான். காதுக்கு மேலே இருக்கிற கூந்தலிலும் கழுகின் மார்பிலும் அந்த ஒளி அறுந்து, லேசாகச் சாம்பல் பூத்திருந்தால், காசு எங்கோ யார் சட்டைப்பையிலோ இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கன்னம். தேவியின் கன்னம் வழவழப்பான, வெறுமையான பரப்பு. இந்தக் காசுகளை ஆயிரம் ஆயிரமாக மூட்டையில் கட்டி வண்டியில் ஏற்றி இறக்கினார்கள். ஒன்றோடு ஒன்று மோதி விழுந்த கீறல்களும் பள்ளங்களும் கன்னத்தில் அப்படியே பதிந்திருக்கும். புழங்காத காசுகளுக்கு 60 முதல் 70 வரை பதினொரு படிகள். கன்னத்தில் ஆழமாக ஒரு கீறல் இருந்தால் எண் இறங்கும். அதே கீறல் கூந்தலுக்குள் ஒளிந்திருந்தால் மன்னித்துவிடுவார்கள். எவ்வளவு ஆழம், எந்த இடம், கண்ணை எவ்வளவு உறுத்துகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் 63-ஆ 64-ஆ என்று முடிவாகிறது. இத்தனையும் பழகிய கண்ணுக்குச் சில விநாடி வேலைதான்.

அந்தச் சில விநாடிகளின் மேல் எவ்வளவு பணம் நிற்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் 1884-இல் அடித்த மோர்கன் டாலர், நன்றாகப் புழங்கியது என்றால் சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கிவிடலாம். காரணம், அடித்த காசில் பெரும்பங்கு நேராகப் புழக்கத்துக்குப் போய்விட்டது. அதே காரணத்தால் புழங்காதது கிடைப்பது குதிரைக்கொம்பு. 65 என்று எண் வாங்கிய காசு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். உலோகமும் அச்சும் ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் மேல்பரப்பில் இருக்கிறது.

எண்ணின் பூர்வீகம்

ஏன் நூற்றுக்கு இல்லாமல் 70-க்கு? இதற்குக் காரணம் வில்லியம் ஷெல்டன். இவர் அமெரிக்க உளவியலாளர், மனிதர்களின் உடல்வாகை மூன்று வகையாகப் பிரித்ததற்காகப் பேர்பெற்றவர். பழைய பெரிய செப்பு சென்ட் காசுகளைச் சேகரித்தார். 1949-இல் இந்த 70 படி முறையை வெளியிட்டார். அவருடைய கணக்கில் அது விலைச் சூத்திரம். மிக மோசமான நிலையில் இருக்கும் காசின் அடிப்படை விலையை ஒன்று என்று வைத்துக்கொண்டால், குறையே இல்லாத காசு அதைப்போல 70 மடங்கு போகும். நடுவில் இருப்பவை அந்தந்த எண் மடங்கு. விலைக்கணக்கு சீக்கிரமே காலாவதியாகிவிட்டது. எண் மட்டும் தங்கி, எல்லாக் காசுகளுக்கும் பரவிவிட்டது.

ஷெல்டனைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல சென்ட் காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரம் குறைந்த காசுகளை வைத்திருக்கிறார். 1977-இல் அவர் இறந்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. காசுகளைத் திரும்பப் பெறக் கழகம் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தரத்துக்கு அளவுகோல் வகுத்துத் தந்தவருக்கே நல்ல காசைக் கண்டால் கை நிற்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. மதிப்பிடுபவரின் திறமையையும் அவருடைய நேர்மையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று அன்று முதல் நினைக்கிறேன். திறமை எவ்வளவு இருந்தாலும், ஆசைக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு தனியாக வேண்டும்.

டீலர்கள் தொடங்கிய நிறுவனம்

அப்படி ஓர் ஏற்பாட்டுக்கான முதல் பெரிய முயற்சி சேகரிப்பவர்களின் சங்கத்திடமிருந்தே வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-இல் ஒரு சான்றளிப்புப் பிரிவைத் தொடங்கியது. ஏ.என்.ஏ.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதலில் அசலா போலியா என்று மட்டும் சொன்னார்கள். 1979-இல் தரமும் சொல்ல ஆரம்பித்தார்கள். காசின் படம் ஒட்டிய சான்றிதழ் ஒன்று கொடுப்பார்கள், காசு தனியாக வரும். தனியாக வருவதுதான் வம்பு. நல்ல காசின் சான்றிதழை அதே மாதிரி இன்னொரு காசோடு சேர்த்து விற்க முடிந்தது. அதோடு, 1980-ஐ ஒட்டித் தங்கமும் வெள்ளியும் தாறுமாறாக ஏறி இறங்கிய காலம் அது. சந்தை சரிந்தபோது எல்லோரும் தர விஷயத்தில் கறாராகிவிட்டார்கள். 65 என்று வாங்கிய காசை விற்கப் போனவரிடம் "இது இப்போது 63" என்றார்கள். என் வெள்ளி ரூபாய் கதைதான், நாடு தழுவிய அளவில்.

1986 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் பி.சி.ஜி.எஸ். வேலையைத் தொடங்கியது. டேவிட் ஹால் உட்பட ஏழு டீலர்கள் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனம். அவர்கள் கொண்டுவந்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, காசையும் எண்ணையும் பிரிக்க முடியாதபடி ஒரே பெட்டியில் மூடும் ஸ்லாப். மற்றது உத்தரவாதம். நாங்கள் தரத்தைக் கூட்டிப் போட்டுவிட்டோம் என்று தெரிந்தால் நஷ்டத்தை நாங்களே ஈடுகட்டுகிறோம் என்றார்கள். அடுத்த ஆண்டே, தொடக்கத்தில் பி.சி.ஜி.எஸ்.ஸில் இருந்த ஜான் அல்பனீஸ் தனியாக வந்து என்.ஜி.சி.யைத் தொடங்கினார். அங்கே மதிப்பிடுபவர்கள் வியாபாரமாகக் காசு வாங்கவோ விற்கவோ கூடாது என்று விதி. இன்றுவரை இந்தத் தொழிலின் இரண்டு பெரிய பெயர்கள் இவைதான்.

டீலர்களே தொடங்கிய நிறுவனத்தில் நடுநிலை எங்கே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் காசைப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிந்தவர்கள் அன்றைக்கு டீலர்கள்தான். பத்தாயிரம் காசு கைமாறாமல் அந்தக் கண் வராது. விஷயம் தெரிந்தவருக்கு வியாபாரத்தில் பங்கு இருக்கிறது, பங்கு இல்லாதவருக்கு விஷயம் தெரியாது. இந்த இழுபறி இன்னும் முழுசாகத் தீரவில்லை. என்.ஜி.சி. போட்ட விதிதான் இதற்கு இதுவரை வந்த பதில்களில் நேரடியானது என்பது என் எண்ணம்: கண்ணை வியாபாரத்தில் பழக்கிக்கொண்டு வா, வந்த பிறகு வியாபாரத்தை விட்டுவிடு.

டம்மி நம்பர்

நம் ஊரில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முறை இதைப் புரிந்துகொள்ள ரொம்ப உதவும். திருத்துபவர் கைக்கு வரும் தாளில் மாணவர் பெயர் இருக்காது, பள்ளியின் பெயர் இருக்காது, டம்மி நம்பர் மட்டும் இருக்கும். யாருடைய தாள் என்றே தெரியாதபோது வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காசுக்கும் இதே ஏற்பாடுதான். பார்சலைப் பிரிப்பது ஒரு பிரிவு. அங்கே படிவத்தோடு சரிபார்த்து, காசைச் சின்ன உறையில் போட்டு, எண்ணும் பார்கோடும் ஒட்டுகிறார்கள். அனுப்பியவரின் பெயர் அங்கேயே நின்றுவிடும். மதிப்பிடும் அறைக்கு எண்ணோடு காசு மட்டும் போகும். ஒருவர் பார்த்துத் தன் எண்ணைக் கணினியில் பதிவார். இரண்டாமவர் தனியாகப் பார்த்துத் தன் எண்ணைப் பதிவார். ஒத்துப்போகவில்லை என்றால் மூத்தவர் ஒருவர் பார்த்து முடிவு செய்வார். ஸ்லாபில் அடைத்த பிறகும் லேபிளும் காசும் பொருந்துகிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்ப்பார்கள்.

சாதாரணக் காசுகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. பிரபலமான காசு வந்தால்தான் சிக்கல். 1913-ஆம் ஆண்டு லிபர்ட்டி நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசு உலகத்திலேயே ஐந்துதான் இருக்கிறது. அதில் ஒன்று மேசைக்கு வந்தால், எந்தக் காசு, கடைசியாக யாரிடம் இருந்தது, என்ன விலை போனது என்று அறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஊரே அறிந்த மாணவனின் கையெழுத்து மாதிரி. டம்மி நம்பர் அங்கே பயன்படாது. அந்த உயரத்தில், எண்ணைவிட ஏலச் சரித்திரத்தையும் நல்ல படங்களையும் நம்புவதே மேல்.

எண் என்பது கருத்து

இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள். நகைக்கடையில் 916 ஹால்மார்க் பார்த்து வாங்கிப் பழகிய கண்ணோடு ஸ்லாபைப் பார்க்கிறார்கள். 916 என்பது அளந்து சொல்வது. எந்த மையத்தில், எந்த ஆள் சோதித்தாலும் தங்கம் ஆயிரத்துக்கு 916 பங்கு இருந்தால் 916 என்றுதான் வர வேண்டும். வேறு மாதிரி வந்தால் எங்கோ தப்பு. காசின் 64 அப்படியில்லை. நல்ல கண் உள்ள இரண்டு பேர், எந்தப் பாரபட்சமும் இல்லாமல், ஒரே காசுக்கு 64 என்றும் 65 என்றும் சொல்லலாம். இருவரிடமும் தப்பில்லை. காசு எல்லைக்கோட்டில் நிற்கிறது, அவ்வளவுதான்.

1990-இல் பி.சி.ஜி.எஸ். கணினியை வைத்து மோர்கன் டாலர்களுக்குத் தரம் போட்டுப் பார்த்தது. கைகூடவில்லை, கைவிட்டுவிட்டார்கள். கீறலைக் கணினி எண்ணிவிட்டது. கண்ணுக்கு இதமாக இருக்கிறதா என்பதை எண்ண முடியவில்லை. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்த நிறுவனத்தின் விளம்பரங்கள் மேல் கை வைத்தது. தரமதிப்பீடு மாறாதது, விருப்பு வெறுப்பற்றது, இந்தக் காசுகளில் போடும் முதலீட்டுக்கு ஆபத்தில்லை என்கிற தொனியில் விளம்பரம் செய்தது மிகை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. விஷயம் சமரசத்தில் முடிந்தது. சந்தை ஏறி இறங்கும், எப்போதும் வாங்க ஆள் இருப்பார்கள் என்று உறுதி கிடையாது என்கிற மாதிரி எச்சரிக்கை வாசகங்கள் விளம்பரங்களில் சேர்ந்தன. நடுநிலை என்றால் பிழையே வராது என்று பொருள் கொண்டவர்களுக்கு அது நல்ல பாடம்.

திரும்பத் திரும்ப அனுப்பினால்

இப்போது நான் இந்த விஷயத்திலேயே முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். மதிப்பிடுபவர்கள் அத்தனை பேரும் தங்கமானவர்கள், யாருக்கும் யார் மேலும் சாய்வு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் சந்தையில் இருக்கும் ஸ்லாப்களின் எண்கள் மெல்ல மெல்ல மேல்நோக்கிச் சாயும். எப்படி?

மறுபடியும் தேர்வுக்கே போவோம். மார்க் குறைந்துவிட்டது என்று நினைக்கிற பிள்ளை மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போடும். எதிர்பார்த்ததைவிடப் பத்து மார்க் கூட வந்த பிள்ளை, "ஐயா, எனக்குத் தவறாகக் கூட்டிவிட்டீர்கள், மறுபடி பாருங்கள்" என்று எழுதிப்போடுமா? போடாது. ஆகவே குறைவாகப் போன பிழைகள் மட்டும் திருத்தத்துக்கு வருகின்றன. கூடுதலாகப் போன பிழைகள் அப்படியே தங்கிவிடுகின்றன.

நாணயத்தில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். 64 என்று எழுதிய ஸ்லாபில் கொஞ்சம் அழகான காசு தெரிந்தால் வாங்கி, பெட்டியை உடைத்துக் காசை வெளியே எடுத்து, புதுக் காசு மாதிரி மறுபடி அனுப்புவார்கள். 64 என்றே வந்தால் கட்டணம் மட்டும் நஷ்டம். மறுபடி அனுப்பலாம். ஒரு தடவை 65 வந்துவிட்டால் போதும், அதோடு நிறுத்திவிடுவார்கள். 64-க்கும் 65-க்கும் நடுவே சில ஆயிரம் டாலர் வித்தியாசம் இருந்தால், பத்துத் தடவைக் கட்டணமும் அதற்குள் அடங்கிவிடும். மதிப்பிட்டவர் ஒவ்வொரு தடவையும் மனசாட்சிப்படிதான் எண் போட்டிருப்பார். எல்லைக்கோட்டில் நிற்கிற காசைப் பத்துத் தடவை பார்த்தால் ஒரு தடவை அந்தப் பக்கம் விழத்தான் செய்யும். அந்த ஒரு தடவை மட்டும் பெட்டிக்குள் உறைந்து நின்றுவிடுகிறது.

இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. இந்த வகைக் காசில் இத்தனை எண்ணுள்ளவை இத்தனை வந்திருக்கின்றன என்று நிறுவனங்கள் கணக்கு வெளியிடுகின்றன. உடைத்த பெட்டியின் பழைய லேபிளைத் திருப்பி அனுப்பினால்தான் கணக்கிலிருந்து கழிப்பார்கள். பலர் அனுப்புவதில்லை. ஒரே காசு கணக்கில் மூன்று காசாக நிற்கும். எத்தனை இருக்கின்றன என்று பார்த்து விலை பேசுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாய்வுக்கு எதிர்விசையாக இருப்பது உத்தரவாதம். தரத்தைக் கூட்டிப் போட்டால் நிறுவனத்தின் கையிலிருந்து பணம் போகும். அந்தப் பயம் நல்லது. உத்தரவாதம் கொடுக்காத நிறுவனத்தின் எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை. விற்பவரே தன் உறவுக் கம்பெனியின் பெயரில் ஸ்லாப் செய்து, சாதாரணக் காசுக்கெல்லாம் 70 போட்டு விற்பதும் உண்டு. பெட்டி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்றாம் தரப்பு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, இரண்டே தரப்புதான்.

கட்டணம் யார் கையிலிருந்து வருகிறது?

மதிப்பிடுவதற்கான கட்டணத்தைக் காசு அனுப்புபவர் கொடுக்கிறார். பெரும்பாலும் அவர் விற்கப்போகிறவர். நடுநிலை யாருக்கு அதிகம் தேவையோ, அந்தக் கடைசி வாங்குபவர் நிறுவனத்துக்கு ஒரு பைசாவும் கொடுப்பதில்லை. மூட்டை மூட்டையாக அனுப்பும் பெரிய டீலர்கள்தான் நிறுவனத்துக்குச் சோறு போடுகிறார்கள். ரொம்பக் கறாராக இருந்தால் அவர்கள் எதிர் நிறுவனத்துக்குப் போய்விடலாம். தாராளமாக இருந்தால் பெயர் கெட்டு, அந்த ஸ்லாபின் விலையே சந்தையில் விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடக்கிறார்கள். விலை உயர்ந்த காசுகளுக்குக் கட்டணமும் காசின் மதிப்பில் ஒரு பங்காக ஏறுகிறது. எண் கூடினால் மதிப்பு கூடும், மதிப்பு கூடினால் கட்டணம் கூடும். உத்தரவாதச் சுமையும் கூடவே ஏறுகிறது என்று நிறுவனங்கள் காரணம் சொல்கின்றன. அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் மேலே சொன்ன "ஒரு லாபமும் இல்லை" என்கிற நிலையிலிருந்து இது ஓரடி விலகித்தான் நிற்கிறது.

ஜான் அல்பனீஸ் 2007-இல் சி.ஏ.சி. என்று வேறொன்றைத் தொடங்கினார். ஏற்கெனவே ஸ்லாபில் இருக்கும் காசைப் பார்த்து, அந்த எண்ணுக்குத் திடமாகத் தகுந்தது என்று தோன்றினால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டிய காசுகளை விலை சொல்லி வாங்கவும் தயாராக இருந்தார்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது? சொன்ன சொல்லுக்குத் தன் பணத்தையே பந்தயம் வைக்கிறார் என்று பாராட்டலாம். சந்தையில் வாங்குகிறவரே சான்றும் கொடுக்கிறாரே என்று முகம் சுளிக்கவும் செய்யலாம். எனக்கு முதலாவதில் சாய்வு அதிகம். கூட்டிச் சொன்னால் அடிபடுவது அவருடைய பணம்தான் என்பதால், அவருடைய லாபமும் வாங்குபவரின் லாபமும் ஒரே திசையில் நிற்கின்றன.

நிறுவனத்தின் சொந்தக்காரர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பி.சி.ஜி.எஸ்.ஸின் தாய் நிறுவனத்திடம்தான் விளையாட்டு அட்டைகளுக்குத் தரம் போடும் பி.எஸ்.ஏ.வும் இருக்கிறது. அந்தத் தாய் நிறுவனம் 2021-இல் கோல்டின் என்ற ஏலக் கம்பெனியை வாங்கியது. அட்டைகள் ஏலத்தில் பேர்போன கம்பெனி. தரம் போடுவதும் ஏலம் விடுவதும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 2024-இல் அந்த ஏலக் கம்பெனியை ஈபே வாங்கிக்கொண்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடுநிலையை எடைபோடும்போது அறைக்குள் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதாது, கட்டடம் யாருடையது என்றும் கேட்க வேண்டும். அதற்காகச் சொல்கிறேன்.

நம் கையில் இருக்கிற காசு

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத வயதுள்ள காசும் தொல்பொருள். அப்படிப்பட்டதைத் தனிநபர் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. என் 1911 ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கலாம் என்று ஒரு காலத்தில் எனக்கும் ஆசை இருந்தது. சட்டத்தைப் படித்ததும் விட்டுவிட்டேன். "சும்மா கூரியரில் போடுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாங்கும்போது ஸ்லாபில் வருகிற காசு என்றால், லேபிளில் இருக்கும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். படம் இருந்தால் கையிலுள்ள காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். போலி ஸ்லாப்களும் உலவுகின்றன.

அப்புறம், நானும் ஒரு நண்பரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்கிற பயிற்சி. அவரிடம் ஸ்லாபில் இருக்கிற மோர்கன் டாலர்கள் ஏழெட்டு இருக்கின்றன. லேபிள் மேல் மடித்த காகிதத்தை ரப்பர் பேண்டு போட்டு மறைத்துவிடுவோம். ஜன்னலைச் சாத்திவிட்டு, மேசை விளக்கின் கீழே ஆளுக்கொரு தடவை சாய்த்துப் பார்ப்போம். பேசிக்கொள்ளக் கூடாது. தனித்தனிச் சீட்டில் எண்ணை எழுதி மடித்து வைத்த பிறகுதான் காகிதத்தை எடுப்போம். போன மாதம் ஒன்றுக்கு நான் 63 எழுதினேன், அவர் 64 எழுதினார், லேபிளில் 64. கன்னத்தில் இருந்த கீறலுக்காக நான் ஒன்றைக் குறைத்திருந்தேன். "அது கீறல் இல்லை, அச்சடிக்கும்போதே வந்த கோடு" என்றார் அவர். லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தோம். கோடு மேடாக இருந்தது, பள்ளமாக இல்லை. அவர் சொன்னதுதான் சரி. என் சீட்டின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த காசை எடுத்தோம்.